ஒன்பது அங்குல வெள்ளை

தில்லையம்பலத்துக்குச் சீன எழுத்தில் ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், தூரிகையால் எழுதிய ஒரு சீனத் தாளுக்கு முன்னால் அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் எவரும் ஏமாந்துபோவார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போவார். பிறகு நாலு அடி பின்னுக்கு வருவார். சுட்டுவிரலால் காற்றில் கோடு இழுத்துப் பார்ப்பார். "இந்த இடத்தில மனுசன் மூச்சைப் பிடிச்சிருக்கிறான்" என்பார். அதிலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அது எனக்கென்ன தெரியும்?" என்று கேட்டவரையே முறைப்பார்.

வயது அறுபத்து நாலு. ரொறன்ரோவின் ஸ்பதைனா வீதியில், வாத்துகள் தொங்கும் சாப்பாட்டுக் கடைக்கும் மருந்துவேர் விற்கும் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பிரேம் கடைக்கு அவர்தான் இப்போது சொந்தக்காரர். பெயர்ப்பலகையில் இன்னும் குவோக் என்றுதான் இருக்கிறது. குவோக் அம்மையார் கடையை இவர் கையில் கொடுத்துவிட்டு மகளோடு ஒட்டாவாவுக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. பலகையை மாற்றச் சொல்லாத உறவினர் இல்லை. "அதிலை எழுதின கை நல்ல கை. நான் இறக்கமாட்டன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

வீடு நகரத்துக்கு வெளியே அஜக்ஸில். காலையில் கோ ரெயின், யூனியன் ஸ்ரேசனில் இறங்கி ஸ்ரீட்கார். ரெயினில் இருக்கும்போதும் அந்த விரல் சும்மா கிடக்காது, முழங்காலில் கோடு கீறிக்கொண்டே வரும். "பக்கத்தில இருக்கிற சனம் உங்களுக்கு ஏதோ வருத்தம் எண்டு நினைக்கப்போகுது" என்று மனைவி யோகராணி எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். விரல் கேட்டால்தானே.

ஊரிலும் அவருக்கு இதே தொழில்தான். யாழ்ப்பாணம் பெரியகடையில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை ஒன்றில் பத்து வருடம் நின்றவர். கலியாணப் படம் வரும், செத்தவர்களின் படம் வரும், எல்லாவற்றையும் விட அதிகமாகச் சாமிப்படம் வரும். சாமிப்படம் என்றால் கலண்டர்தான். வருடம் முடிந்ததும் திகதித் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு முருகனை மட்டும் கொண்டுவந்து நீட்டுவார்கள். முருகனின் காலடியில் புடைவைக்கடை விளம்பரம் இருக்கும், சுற்றிவர வெள்ளை ஓரம் இருக்கும். இரண்டையும் ஒட்ட வெட்டி, சட்டத்துக்குள் சாமி நிறைந்து நிற்கும்படி செய்து கொடுப்பதுதான் கெட்டித்தனம். ஒரு விரற்கடை வெள்ளை தெரிந்தாலும், "வெறும் தாளுக்கோ தம்பி கண்ணாடி போட்டனீர்?" என்று சண்டைக்கு வருவார்கள். அப்படி வெட்டி வெட்டிப் பழகிய கை அது.

தொண்ணூற்று நாலில் ரொறன்ரோவுக்கு வந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு, அதற்குள் ஆறு ஆண்கள். முறைவைத்துப் படுத்து, முறைவைத்துச் சமைத்து, ரொயிலற்றுக்கும் முறைவைத்த காலம். இப்போது அஜக்ஸில் மூன்று குளியலறை இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேருமாகச் சேர்ந்து வைத்த கோழிக்கறியின் வாசம் பிறகு எந்த வீட்டிலும் வரவில்லை என்று சொல்லுவார். சொல்லும்போது யோகராணி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வார்.

யோகராணி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். கலியாணம் முடித்து எட்டு மாதத்தில் பிரிந்தவர்கள். அவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதற்கு ஒழுங்கான வேலைக் கடிதம் ஒன்று வேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார். தில்லையம்பலமோ சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் கையில் காசு வாங்குகிற ஆள். அப்படிப்பட்ட இடத்தில் கடிதம் கேட்டால் வேலையே போய்விடும்.

தொண்ணூற்றெட்டு இலையுதிர் காலம். மலிவாக மரக்கறி வாங்க ஸ்பதைனாவுக்குப் போன இடத்தில், ஒரு கண்ணாடிக் கதவில் ஆள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்தார். உள்ளே ஒரு அம்மா சட்டத்தின் மூலையை வெட்டிக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் போய், "தாருங்கள்" என்று கைச்சாடை காட்டி வாளை வாங்கி ஒரு மூலையை வெட்டிச் சேர்த்துக் காட்டினார். அந்த அம்மா பொருத்தின்மேல் நகத்தை இழுத்துப் பார்த்தார். நகம் எங்கும் தடக்கவில்லை. "நாளைக்கு வா" என்றார். அவர்தான் குவோக் அம்மையார். வேலைக் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும், மூன்று மாதம் போகட்டும், பிழை விடாமல் வேலை செய்தால் தருகிறேன் என்றார்.

இந்தக் கடையில் நடக்கும் பேச்செல்லாம் ஆங்கிலம். ஒருவருடையது ஹொங்கொங்கில் பிறந்தது, மற்றவருடையது யாழ்ப்பாணத்தில் பிறந்தது, இரண்டும் ஸ்பதைனாவில் சந்தித்துக் கொஞ்சம் நொண்டியபடி சேர்ந்து நடந்தன. தமிழில் சொல்லிவிடுவதுதான் எல்லோருக்கும் மரியாதை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை. குவோக் அம்மையார் சட்டம் வாங்க வெளியே போயிருந்தார். மேசையில் ஒரு எழுத்துத் தாள் கிடந்தது. அம்மையார் அதற்குப் பின்தாள் ஒட்டிக் காயவைத்து, கறுப்புச் சட்டம் போடு என்று சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். செங் என்பவருடையது. கொலிஜ் வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மனிதர் அவர். அஜின்கோர்ட்டில் புதிதாக வீடு வாங்கி, வரவேற்பறையின் நீளச் சுவரில் மாட்டுவதற்காகக் கொடுத்திருந்தார்.

தாள் முப்பத்தாறு அங்குல நீளம். வலப்பக்கத்தில் தொடங்கி மேலிருந்து கீழாக வரிவரியாகக் கறுத்த எழுத்து. பிறகு சின்னதாக ஒரு கையெழுத்து, அதன் கீழே சிவப்பு முத்திரை. அதற்கு இடப்பக்கம் ஒன்றுமில்லை. வெறும் தாள். அந்த வெறும் தாளிலும் மேல்பக்கம் ஈ இருந்துவிட்டுப் போனமாதிரி ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. தில்லையம்பலம் பார்த்தார். வெறும் தாளுக்கு எவனாவது கண்ணாடி போடுவானா? ஒன்பது அங்குலத்தை வெட்டிவிட்டால் மூலையில் கிடக்கும் மிச்சச் சட்டமே போதும், புதுச் சட்டம் உடைக்கவே தேவையில்லை. அம்மாவுக்கு வந்து பார்த்தால் சந்தோசமாக இருக்கும். அடிமட்டத்தை வைத்து, கத்தியால் ஒரே இழுவை. சட்டத்துக்குள் எழுத்து நிறைந்து நின்றது. பெரியகடையில் என்றால் முதலாளி முதுகில் தட்டியிருப்பார்.

வெட்டிய துண்டை எறிய மனம் வரவில்லை. நல்ல தாள், மெத்தென்று இருந்தது. துண்டுத் தாள்கள் போடும் மேசை லாச்சியை இழுத்து, அதற்குள் போட்டு மூடினார்.

பின்னேரம் செங் வந்தார். மெலிந்த மனிதர், சாம்பல் நிறக் கோட்டு, தன் கடைக் கண்ணாடியையே மூக்கில் போட்டிருந்தார். குவோக் அம்மையார் திரும்பி வந்து, பின்னறையில் ரெலிபோனில் யாரோடோ உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் பெருமையோடு பொதியைப் பிரித்துக் காட்டினார்.

செங் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய கை மெல்ல நீண்டு சட்டத்தின் இடப்பக்க ஓரத்தில் போய் நின்றது. அப்படியே நிமிர்ந்து தில்லையம்பலத்தின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் புதிதா?"

"மூன்று கிழமை."

"குடும்பம் இங்கேயா?"

"மனைவி கொழும்பில். கூப்பிடப்போகிறேன். இங்கே மூன்று மாதம் முடிய அம்மா கடிதம் தருவார்."

செங் பின்னறைப் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு குனிந்து, சட்டத்தின் நாலு மூலைகளையும் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவினார். "மூலைகள் நன்றாகச் சேர்ந்திருக்கின்றன" என்றார். தானே பொதியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு, அம்மையார் வெளியே வருவதற்கு முன்னமே போய்விட்டார். தில்லையம்பலத்துக்கோ பாராட்டு வாங்கிய சந்தோசத்தில் அன்றைக்கு ஸ்ரீட்காரில் இடம் கிடைக்காததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. அடுத்த கோடையில் யோகராணி வந்து இறங்கினார்.

தில்லையம்பலத்துக்குத் தன் பிழை மண்டையில் உறைத்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து. குவோக் அம்மையார் அப்போது அவரைப் பின்தாள் ஒட்டும் வேலையிலும் சேர்த்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தாளைக் குப்புறப் போட்டு, பசைத்தண்ணீர் தடவி, இன்னொரு தாளை மேலே படிய வைக்கும் வேலை அது. நனைந்த தாளின் முதுகில் எழுத்து ஊறித் தெரியும். தூரிகை எங்கே நின்று யோசித்ததோ அங்கே கறுப்பு ஆழமாக இறங்கியிருக்கும். எங்கே ஓடியதோ அங்கே மேலோட்டமாக இருக்கும். மை தீரத் தீரக் கோடு வறண்டு, தும்புதும்பாகப் பிரிந்து, இடையிடையே தாளின் வெள்ளை தெரியும். ஒரு கோட்டை இரண்டாம் தரம் தொட்டுத் திருத்தினால் அந்த இடம் பொய் சொன்னது உடனே தெரிந்துவிடும். சனம் முன்னாலிருந்து வாசிக்கிற எழுத்தைத் தில்லையம்பலம் பின்னாலிருந்து பார்த்தே பழகினார். எழுதியவன் அவசரக்காரனா, கோபக்காரனா, எந்த இடத்தில் கை நடுங்கிற்று, எந்த இடத்தில் தன்னை மறந்தான் என்பதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. வாசிக்கத் தெரியாததும் ஒருவகையில் வசதிதான், பொருள் வந்து குறுக்கே நிற்காது.

அப்படி ஒருநாள் ஒரு தாளின் வெறும் பக்கத்தில் அவர் அடிமட்டத்தை வைக்கவும் அம்மையார் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"எங்கே வெட்டுகிறாய்?"

"வெறும் இடம்தானே, அம்மா."

அம்மையார் ஏசவில்லை. பொதி சுற்றும் தவிட்டுத் தாள் ஒன்றை எடுத்து அந்த வெறும் இடத்தை மூடிக் காட்டினார். எழுத்துகள் சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டில் ஆறு பேர் படுத்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிறகு தாளை எடுத்தார். எல்லாம் கைகாலை நீட்டி மூச்சுவிட்டன. "அதுவும் அவர் எழுதியதுதான்" என்றார் அம்மையார். "மை இல்லாமல் எழுதியது."

தில்லையம்பலத்துக்குச் செங்கின் கை சட்டத்தின் ஓரத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. அன்று பின்னேரம் துண்டுத் தாள் லாச்சியைத் துழாவினார். அடியில் அந்த ஒன்பது அங்குலம் அப்படியே கிடந்தது. அதை எடுத்து இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, தன் மேசையின் கீழ்லாச்சியில் போட்டுப் பூட்டினார். அம்மையாரிடம் சொல்ல வாய் வரவில்லை.

செங்கிடமாவது சொல்லியிருக்கலாம். அவர்தான் வருடம் தவறாமல் வந்தாரே! ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் முன்னால் சாம்பல் கோட்டோடு வருவார், ஏதாவது ஒரு எழுத்துத் தாளைக் கொண்டுவருவார். வேறு ஆட்கள் நின்றாலும் தில்லையம்பலத்தின் கையில்தான் கொடுப்பார். தாளின் நாலு மூலையிலும் பென்சிலால் சின்னச் சின்ன அடையாளம் போட்டிருக்கும். அதற்கு அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எடுக்க வரும்போது நகத்தால் மூலைகளைத் தடவுவார். "மூலைகள் நன்றாகச் சேர்ந்திருக்கின்றன" என்பார். தில்லையம்பலம் நன்றி சொன்னதே கிடையாது. அந்தப் பாராட்டைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு கயிறு கட்டுவார். வருகிற வருடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். அப்படி இருபது வருகிற வருடங்கள் போயின. பிறகு கொரோனா வந்து கடைகளைப் பூட்டியது. திறந்த பிறகு செங் வரவேயில்லை.

போன ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கதவு மணி அடித்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு சட்டத்தோடு வந்து நின்றாள். ஸ்டெபனி என்று பெயர் சொன்னாள். "அப்பா இங்கேதான் எல்லாம் செய்வார். செங். மாசி மாதம் இறந்துவிட்டார்" என்றாள்.

தில்லையம்பலம் விரிப்பைப் பிரித்தார். மிச்சச் சட்டத்தில் செய்த அதே கறுப்புப் பிரேம். அதே மூலைகள். இருபத்தேழு வருடத்தில் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. அவர் வெட்டிய இடத்தில் எழுத்து இன்னும் மூச்சுமுட்டிக்கொண்டு நின்றது.

அஜின்கோர்ட் வீடு விற்றாகிவிட்டது, தான் சனிக்கிழமை வன்கூவருக்குத் திரும்புகிறேன், அங்கே தன்னுடைய கொண்டோவில் ரீவிக்குப் பக்கத்தில் ஒடுங்கிய சுவர்தான் இருக்கிறது, ஆகவே மெல்லிய சட்டமாக மாற்றித் தர முடியுமா என்று ஸ்டெபனி கேட்டாள். வியாழக்கிழமை வாருங்கள், சொல்கிறேன் என்று மட்டும் அவர் சொன்னார். அவளுக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். சட்டம் மாற்ற இரண்டு நாள் யோசிக்கும் கடைக்காரனை அவள் கண்டிருக்கமாட்டாள்.

அன்று ரெயினில் விரல் அசையவில்லை. அஜக்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்து, இடியப்பத் தட்டுக்கு முன்னால் இருந்தவர் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன, சொதி புளிச்சுப் போச்சோ?" என்றார் யோகராணி.

"இஞ்சேரும், உமக்கு ஒரு கதை சொல்லோணும்." அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னார். கத்தி, துண்டு, செங்கின் கை சட்டத்தின் ஓரத்தில் நின்றது, எல்லாம் சொன்னார். "இப்ப அந்தத் துண்டைக் குப்பையில போட்டா ஒருத்தருக்கும் தெரியவராது. அந்த மனுசனும் செத்துப்போனார். சொன்னா அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? சனம் தங்கட செத்த ஆக்களின்ர எழுத்தை நம்பித் தாற கடை உது. பேர் கெட்டுப்போனா பிறகு ஆர் வருவினம்?"

யோகராணி கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த மூண்டாங் கிழமை அவர் வாய் திறந்திருந்தா?"

"கடிதம் கிடைச்சிராது."

"நான்?"

அந்த வருடம் வெள்ளவத்தையில் பொலிஸ்காரர் லொட்ஜ் லொட்ஜாக ஏறித் தமிழ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யோகராணியின் அறைக் கதவையும் இரண்டு தரம் தட்டினார்கள். அதை அவர் யாருக்கும் விரிவாகச் சொன்னதில்லை.

"இருவத்தாறு வருசமா இஞ்ச இருக்கிறன்" என்றார் யோகராணி. கண் கலங்கிவிட்டது, கோபமும் வந்துவிட்டது. "அந்த மனுசனைக் கூப்பிட்டு ஒருநாள் ஒரு பிடி சோறு குடுத்தமே? நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நான் போய் அவற்ற கையைப் பிடிச்சிருப்பன். பேராம் பேர்! அந்தத் துண்டைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின்ர கையில குடுங்கோ."

"ஓம்" என்றார் தில்லையம்பலம். அதற்குப் பிறகுதான் இடியப்பம் இறங்கியது.

வியாழக்கிழமை ஸ்டெபனி வந்ததும் கதவில் மூடியுள்ளது என்ற பலகையைத் திருப்பி மாட்டினார். கீழ்லாச்சியைத் திறந்து அட்டைகளுக்கு நடுவிலிருந்த துண்டை எடுத்து, சட்டத்தின் இடப்பக்கத்தில் வைத்தார். வெட்டு விளிம்பு இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின.

"இதை வெட்டியது நான்" என்றார். "தெரியாமல் வெட்டினேன். தெரிந்த பிறகும் உங்கள் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு முதல் நாளே தெரியும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் என் மனைவி இந்த நாட்டுக்கு வந்தாள்." மூச்சுவிடாமல் மீதியையும் சொல்லி முடித்தார். மூலைகளைத் தடவிப் பார்த்துச் செங் வருடாவருடம் சொன்ன சொல்லையும் சொன்னார்.

ஸ்டெபனி அந்த வெள்ளைத் துண்டின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ கைபேசியை எடுத்து எதையோ தேடி, அவர் பக்கம் திருப்பினாள்.

அஜின்கோர்ட் வீட்டு வரவேற்பறை. நீளமான சுவர். அந்தச் சுவரின் வலப்பக்கக் கோடியில், கதவோடு ஒட்டினாற்போல், அந்தக் கறுப்புப் பிரேம். அதற்கு இடப்பக்கம் முழுச் சுவரும் வெறுமை. ஒரு கலண்டர் இல்லை, ஒரு படம் இல்லை, சுவரோரம் ஒரு கதிரைகூட இல்லை. சுவரின் நிறம் பழுத்த தாளின் நிறம்.

"அம்மா எத்தனை சண்டை பிடித்திருப்பார்" என்றாள் ஸ்டெபனி. "என்னுடைய பட்டமளிப்புப் படத்தை அங்கே மாட்டக் கேட்டார். அப்பா ஆணி அடிக்க விடவேயில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே நிறத்தைத் தானே நின்று பூசுவார். படத்தை நடுவிலாவது மாட்டுங்கள் என்றால், இல்லை, இதுதான் அதன் இடம் என்பார். அப்பாவுக்கு விசர் என்றுதான் நாங்கள் நினைத்தோம்."

தில்லையம்பலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார். தான் வெட்டிய வெள்ளையை அந்த மனிதர் சுவரில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். ஒன்பது அங்குலத்துக்குப் பதிலாக ஒரு முழுச் சுவர். இருபத்தாறு வருடம். யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல். அவருக்குத் தாங்க முடியவில்லை. கடை மேசையைப் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் என்றும் பாராமல் அழுதார்.

ஸ்டெபனி திசுத்தாள் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று தில்லையம்பலம் கேட்டார். இருபத்தேழு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை.

"எனக்கும் வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமை சீன வகுப்பில் தூங்கியவள் நான். அப்பா சொல்லியிருக்கிறார். அவர் கனடாவுக்குப் புறப்பட்டபோது பெரியப்பா எழுதிக்கொடுத்த கடிதம். பெரிதாக ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு உள்சட்டை போடு. போய்ச் சேர்ந்ததும் கடிதம் எழுது. அவ்வளவுதான். பிறகு அவர்கள் சந்திக்கவேயில்லை."

தில்லையம்பலம் துண்டைக் கையில் எடுத்தார். "அவ்வளவு இல்லை" என்றார். "வாருங்கள்."

அவளை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மேல்பக்கத்தில் அந்தச் சின்னக் கறுப்புப் புள்ளி. "முதல் நாள் ஈயெச்சம் என்று நினைத்தேன். பிறகு இருபத்தைந்து வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மை தெறித்தால் தாளின் மேலேதான் நிற்கும். இதைப் பாருங்கள், உள்ளே இறங்கியிருக்கிறது. வரி தொடங்குகிற உயரத்திலேயே இருக்கிறது. உங்கள் பெரியப்பா கடிதத்தை முடித்துப் பெயரும் எழுதிய பிறகு, இன்னொரு வரி எழுதப் போயிருக்கிறார். தூரிகையை வைத்திருக்கிறார். கொஞ்சநேரம் அப்படியே நின்றிருக்கிறார். அவரால் எழுத முடியவில்லை. எடுத்துவிட்டார்."

ஸ்டெபனி புள்ளிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். அவளுடைய சுட்டுவிரல் தானாக எழுந்து காற்றில் ஒரு இடத்தில் போய் நின்றது. பிறகு மெல்ல மேலே எழும்பியது. வெளியே ஸ்ரீட்கார் மணியடித்துக்கொண்டு போயிற்று.

"இதை ஒட்டுங்கள்" என்றாள்.

"ஒட்டினால் கோடு தெரியும். மறைக்க முடியாது."

"தெரியட்டும்."

"உங்கள் சுவர் இதற்குக் காணாது."

"ரீவி போகட்டும்" என்றாள் ஸ்டெபனி.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கடை பூட்டித்தான் இருந்தது. பழைய சட்டத்தைக் கழற்றி, பின்தாளை நனைத்து உரித்து, எழுத்தைக் குப்புறப் போட்டபோது அந்தக் கடிதத்தின் முதுகை முதல்முதலாகப் பார்த்தார். முதல் வரிகளில் கறுப்பு தடித்து இறங்கியிருந்தது. போகப்போக மை வறண்டு, கடைசி வரி வெறும் தும்பாக வந்திருந்தது. அண்ணன்காரன் மறுபடி மை தொடவேயில்லை. தொட எழும்பினால் மிச்சத்தை எழுத முடியாமல் போய்விடும் என்று பயந்திருப்பான். பிறகு அந்தப் புள்ளிக்காக மட்டும் தூரிகையை நனைத்திருக்கிறான். துண்டின் பின்தாளையும் அப்படியே உரித்துவிட்டு, விளிம்போடு விளிம்பு வைத்து, பசை தடவி, இரண்டின் மேலும் ஒரே பின்தாளைப் படியவைத்தார். கை நடுங்காமல் இருக்கவேண்டும் என்று அன்றைக்குக் கோப்பிகூடக் குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் யோகராணியும் கடைக்கு வந்திருந்தார். அஜக்ஸிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து, கொடுக்க வேண்டியவர் இல்லாததால் மகளின் கையில் கொடுத்தார். "பிளேனில சாப்பிடு பிள்ளை" என்று தமிழிலேயே சொன்னார். ஸ்டெபனி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

தில்லையம்பலம் பொதியைப் பிரித்துக் காட்டினார். முப்பத்தாறு அங்குலம். முத்திரைக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக மயிரிழையாக ஒரு கோடு, அதற்கப்பால் வெள்ளை, வெள்ளைக்குள் ஒரு புள்ளி. வரிகள் கைகாலை நீட்டிக்கொண்டு நின்றன.

ஸ்டெபனி பார்த்தாள். அவளுடைய அப்பா பார்த்த அளவு நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, சட்டத்தின் நாலு மூலைகளையும் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவினாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"மூலைகள் நன்றாகச் சேர்ந்திருக்கின்றன" என்றாள்.

தில்லையம்பலம் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. "நன்றி" என்றார்.